நாலரை அடி

மேலவாடிப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது.
விழா மலருக்கு ஊர் வரலாறு, நாலு பக்கம்,
நீதான் எழுதணும் என்றார்கள்,
கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிறவள்,
தேதி தப்பாது என்று.

பாலம் எப்போது வந்தது?
கறிக்கடை சிக்கந்தர் சொன்னார்:
அக்கா நிக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டார்
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தாங்க,
அதுக்கு அடுத்த வருஷம்.
ஆலை ரைட்டர் சொன்னார்:
புகைபோக்கி விழுந்த வருஷம்.
புகைபோக்கி எப்போது விழுந்தது?
பாலம் வந்தப்ப.

சரி என்று காகிதத்திடம் போனேன்.
பொதுப்பணித்துறைப் பிரிவு அலுவலகம்,
கரையான் போக மிச்சமிருந்த பதிவேடுகள்.
அதில் என் அப்பா உத்திராபதியின் கையெழுத்து.
தலைமதகு லஸ்கர்.
வேளைக்கு ஒருமுறை அளவுகல்லைப் பார்த்து
அங்கேயே பென்சிலால் குறித்து,
வீட்டில் விளக்கடியில் மையால் மேலெழுதுவார்.
4.35. 4.20. 3.95.
ஒவ்வொரு மை எண்ணுக்கும் அடியில்
மெலிதாக ஒரு பென்சில் எண்.

எண்பத்திரண்டு, ஆகஸ்ட் இருபத்தேழு.
கீழவாடியின் முறை.
அன்று ராத்திரி ஷட்டர் இறங்கியிருந்தது,
எங்கள் நாற்றங்கால் வெடித்தது என்று
கீழவாடிக்காரர்கள் பதினோரு பேர்
விடிவதற்குள் பூட்டை உடைத்தார்கள்.
வழக்கு நடந்தது.
பதிவேட்டை நீதிபதி வாங்கிப் பார்த்தார்.
மாலை ஆறு: 4.50.
நள்ளிரவு: 4.50.
காலை ஆறு: 4.50.
தண்ணீர் போயிருக்கிறது, பூட்டை உடைத்தது குறும்பு.
மூன்று மாதம்.

நானும் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மூன்று வேளையும் ஒரே அளவாய் ஓட
அது ஆறா, அண்டாவா?
மைக்கு அடியில் பென்சில் இல்லை.

எங்கள் வீட்டில் பெருமையாய்ச் சொல்லும் கதை ஒன்று உண்டு:
வலி கண்ட செய்தி வந்ததும்
சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்பா ஓடியது,
மன்னார்குடி ஆஸ்பத்திரி வராந்தாவில்
விடிய விடியக் குந்தியிருந்தது,
அம்மாவுக்கு முன்பே என்னைக் கையில் வாங்கியது,
மறுநாள் மதியம்தான் மதகுக்குத் திரும்பியது.
நாற்பது வருடமாகக் கேட்கிறேன்.
சாட்சியம் என்று ஒருமுறைகூட
எனக்குப் படவில்லை.

பதினோரு பேரில் வீரையன் மட்டும்தான் இருக்கிறார்.
உரக்கடை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.
சொன்னேன். எழுந்திருக்கவில்லை.
"தெரியும்மா. எங்க மதகடியிலதான் போனான்.
எங்கடா இந்நேரத்துலன்னேன்.
இடுப்புவலின்னான், நிக்கல."
அதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை?
"சொன்னா அன்னிக்கே அவனுக்கு சஸ்பெண்டு."
கொஞ்சம் பொறுத்து,
"சொன்னாலும் பூட்டு உடைஞ்சது உடைஞ்சதுதானே" என்றார்.
பிறகு யூரியா விலையைப் பேசினார்.
நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன்.
விடவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.
பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்கள், முதல் பேருந்து,
பாலத்துக்கு "ஏறக்குறைய" போட்டு ஒரு வருடம்.
மூன்றாம் பக்கத்தில்,
இது மேலவாடியின் மலர் என்று தெரிந்தே,
இரண்டு வரி:
அன்றிரவு ஆற்றை அளந்தவர் யாருமில்லை.
பதினோரு பேர் செருப்பு நனையாமல் கடந்தார்கள்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி
பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார்.
அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலால் ஒரு கேள்வி:
ஆதாரம்?

அதன்மேல் மையால்
என் பிறந்த தேதியை எழுதி அனுப்பினேன்.